ஆட்டிசமும் உரையாடலும்: ஆய்வைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டிசம் உள்ளவர்கள் எப்படி உரையாடுகிறார்கள் என்பதை ஆராயும் திட்டங்களுக்கு சிங்கப்பூரில் தமிழ்க் குடும்பங்களை அழைத்தால், திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வரும். பெரும்பாலானவை பெற்றோர் கேட்பவை. ஆய்வில் இறங்கும் மாணவர்களும் ஆட்டிசம் உள்ள பெரியவர்களும் கேட்பவையும் நடுவே வரும். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம்.

ஆட்டிசம்னு சொல்லணுமா, மதியிறுக்கம்னு சொல்லணுமா?

இரண்டும் வழக்கில் உள்ள சொற்கள்தான். இங்கே பேச்சில் 'ஆட்டிசம்' எல்லாருக்கும் புரியும். 'மதியிறுக்கம்' கட்டுரைகளில் அதிகம் வரும். 'மதி இறுகிப்போனது' என்று தொனிப்பதால் அந்தச் சொல்லை விரும்பாதவர்கள் உண்டு, அதனால் இங்கே ஆட்டிசம் என்றே எழுதுகிறோம். 'நோய்', 'நோயாளி' என்ற சொற்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஆட்டிசம் மூளை வளரும் விதத்திலேயே அமைந்த வேறுபாடு.

என் மகன் நல்லாத்தானே பேசறான்? வார்த்தையெல்லாம் வயசுக்குச் சரியா இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. அப்புறம் ஆராய என்ன இருக்கு?

சொல் தெரிவது வேறு, உரையாடல் வேறு. பிற்பகல் 3 மணிக்குப் பாட்டி போனில் "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்கிறார். பேரன் "பன்னெண்டு நாப்பதுக்கு சாப்ட்டேன்" என்கிறான். இலக்கணம் சரி, தகவலும் சரி. ஆனால் பாட்டி நேரத்தைக் கேட்கவில்லை, பேச்சைத் தொடங்கினார். "சாப்ட்டேன் பாட்டி, நீங்க?" என்று பந்து திரும்பி வரும் என்று காத்திருந்தார்.

உரையாடல் ஆய்வு இந்த இடத்தைத்தான் பார்க்கிறது: யார் தொடங்குகிறார், முறை எப்படி மாறுகிறது, ஒன்று புரியாதபோது எப்படிச் சரிசெய்துகொள்கிறார்கள், எப்படி முடிக்கிறார்கள். முறை மாற்றத்தின் விதிகளை ஹார்வி சாக்ஸ், இம்மானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் மூவரும் 1974-ல் எழுதினார்கள். 2009-ல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரியாக 0.2 விநாடிதான் இடைவெளி இருந்தது. ஓர் அசை சொல்லும் நேரம் அது. அப்படியென்றால் மற்றவர் பேசி முடிப்பதற்கு முன்பே நம் பதில் தயாராகிவிட வேண்டும். பல ஆட்டிசம் உள்ளவர்களுக்குச் சுமையே இங்கேதான். அந்தப் பத்து மொழிகளில் தமிழ் இல்லை.

ஆய்வுன்னா ஊசி, ஸ்கேன் எல்லாம் உண்டா?

உரையாடல் ஆய்வில் அவை கிடையாது. வழக்கமான அமர்வு ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். பெற்றோருக்குப் பிள்ளையின் பேச்சையும் பழகும் விதத்தையும் பற்றிய கேள்வித்தாள் ஒன்று இருக்கும். எஸ்.சி.க்யூ என்பதில் 40 ஆம்-இல்லை கேள்விகள், எஸ்.ஆர்.எஸ்-2 என்பதில் 65 வரிகள். ஆட்டிசத்தின் அடையாளங்களைப் பார்க்க, பிள்ளையோடு விளையாட்டும் பேச்சுமாக நடக்கும் ஏடாஸ்-2 என்ற கண்காணிப்புக்கு 40 முதல் 60 நிமிடம் ஆகும். அதன்பின் 10 முதல் 20 நிமிடம் இயல்பான உரையாடல், அல்லது சொற்களே இல்லாத படக்கதையைப் பார்த்துக் கதை சொல்வது.

அறையின் படத்தையும், யார் இருப்பார்கள், எந்த வரிசையில் என்ன நடக்கும் என்ற பட்டியலையும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். தெரியாத அறையில் பதற்றத்தோடு உட்கார்ந்த பிள்ளையின் பேச்சைப் பதிவுசெய்தால் கிடைப்பது பதற்றத்தின் அளவுதான். அந்தப் பட்டியலைத் தர முடியாத குழு ஆயத்தமாக இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஆய்வுல சேர்ந்தா டயக்னோசிஸ் எழுதிக் கொடுப்பாங்களா?

மாட்டார்கள். அதற்குப் பாலர் பருவத்தில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை அல்லது தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்குப் பாலிகிளினிக் வழியாகப் பரிந்துரை பெற வேண்டும். ஆய்வின் மதிப்பெண் மருத்துவ அறிக்கை ஆகாது.

வீட்ல தமிழ் பேசறதாலதான் பேச்சு லேட்டாகுதுன்னு சொல்றாங்க. இங்கிலீஷ் மட்டும் பேசட்டுமா?

வேண்டாம். ஒரு மொழிச் சூழலில் வளரும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளையும் இரு மொழிச் சூழலில் வளர்பவர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகள், இரண்டாவது மொழியால் பேச்சு பின்தங்குவதாகக் காட்டவில்லை. ஒரு மொழியை நிறுத்துவதால் வரும் இழப்போ கண்கூடானது. தாத்தா பாட்டியும் அத்தையும் பிள்ளையோடு தடுமாறும் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசிவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். உரையாடப் பழக அவனுக்கு இருந்த ஆட்களே குறைந்துபோவார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 5 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடுதான். வீட்டுக்கு வெளியே தமிழ் கேட்கும் வாய்ப்பு ஏற்கெனவே குறைவு.

பள்ளியில் தாய்மொழிப் பாடத்துக்கு விலக்கு பெறுவது வேறு விஷயம். அது பாடச் சுமையைப் பற்றிய முடிவு. வீட்டுப் பேச்சை நிறுத்த வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை.

கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்றா. இதையும் பேச்சுன்னு எண்ணுவீங்களா?

கண்டிப்பாக எண்ண வேண்டும். 1943-ல் 11 பிள்ளைகளை விவரித்த லியோ கேனர் இதைக் கிளிப்பிள்ளைப் பேச்சு போலப் பார்த்தார். 1981-ல் பாரி பிரிசான்ட்டும் ஜூடித் டூகனும் வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்த்து, திருப்பிச் சொல்வதற்கு ஏழு விதமான பயன்களைப் பிரித்துக் காட்டினார்கள். "என் முறை வந்துவிட்டது" என்று காட்டுவது, "ஆமாம்" என்பது, வேண்டியதைக் கேட்பது, செய்யப்போவதைத் தனக்கே சொல்லிக்கொள்வது போன்றவை அவற்றில் அடங்கும்.

தமிழில் இதைக் கவனிக்க ஒரு நுணுக்கம் உண்டு. ஆங்கிலத்தில் 'யூ வாண்ட் மில்க்?' என்பதைத் திருப்பிச் சொன்னால், 'ஐ' வர வேண்டிய இடத்தில் 'யூ' நிற்பதால் உடனே கண்ணில் படும். தமிழில் "பால் வேணுமா?" என்றால் 'நீ' என்ற சொல்லே இல்லை, கடைசி 'ஆ' மட்டும்தான் அடையாளம். பிள்ளை "பால் வேணுமா" என்று குரலைத் தாழ்த்தி முடித்து, ஃபிரிட்ஜ் பக்கம் நகர்ந்தால் அது கேள்வியல்ல, பால் வேண்டும் என்று கேட்பது. அதனால் சொல்லை மட்டும் எழுதாதீர்கள். அதற்கு முன் யார் என்ன சொன்னார், குரல் ஏறியதா இறங்கியதா, கையும் உடலும் எங்கே போயின, பால் கிடைத்ததும் சொல்வதை நிறுத்தினாளா என்று நான்கையும் குறியுங்கள். நான்காவதுதான் பெரும்பாலும் முடிவைச் சொல்லும்.

இங்கிலீஷ் டெஸ்ட்டை தமிழ்ல மொழிபெயர்த்தா போதாதா? தமிழ்ல தனியா என்ன இருக்கு?

போதாது. முதல் சிக்கல் எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தூரம். "இந்தப் பையன் என்ன செய்துகொண்டிருக்கிறான்?" என்று தாளைப் பார்த்து வாசித்தால் பிள்ளைக்கு அது செய்தி வாசிப்பது போலக் கேட்கும். "என்ன பண்ணிக்கிட்டு இருக்கான்?" என்றுதான் கேட்க வேண்டும். மறுபக்கம், ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகள் டிவியிலும் பாடநூலிலும் கேட்ட தமிழை அப்படியே எடுத்து, வீட்டில் அம்மாவிடம் "நான் உறங்கச் செல்கிறேன்" என்பார்கள். மொழிபெயர்த்த சோதனையில் இதைக் குறிக்க ஒரு கட்டமே இருக்காது. தமிழ் தெரிந்த எவருக்கும் முதலில் காதில் விழுவது இதுதான்.

இரண்டாவது 'நாம'வும் 'நாங்க'வும். "நாங்க செந்தோசா போறோம்" என்றால் கேட்பவர் கூட வரவில்லை. "நாம போறோம்" என்றால் அவரும் உண்டு. கேட்பவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று ஒவ்வொரு தடவையும் கணக்கு வைத்தால்தான் சரியான சொல் வரும். 'ஆம்' விகுதியும் அப்படித்தான். "மாமா வராராம்" என்றால் அது பிறர் சொல்லிக் கேட்டது என்று பொருள். தகவல் யாரிடமிருந்து வந்தது என்பதை இலக்கணமே சொல்ல வைக்கிறது. பிறர் மனதைப் பிள்ளை கணக்கில் எடுக்கிறதா என்று அறிய ஆங்கிலச் சோதனையில் 'நினைக்கிறான்' போன்ற வினைகளை எண்ணிப் பார்ப்பதை இங்கே இந்த இரண்டு இடங்களில் பார்க்கலாம். மொழிபெயர்ப்பில் இவை காணாமல் போகும்.

மூன்றாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆசிரியரைப் பார்த்து "நீ எங்க போற?" என்று ஒரு பிள்ளை கேட்டால் ஆட்டிசத்தின் அடையாளம் என்று குறித்துவிடுகிறார்கள். ஆங்கிலம் மேலோங்கிய சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளைகள் பலர், ஆட்டிசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 'நீ'யையும் 'நீங்க'வையும் குழப்புவார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். 'நாம', 'நாங்க' குழப்பத்துக்கும் இது பொருந்தும். "ஐ வாண்ட் அந்த ரெட் கார், லா" என்பதும் பிழையல்ல, இந்த ஊர்ப் பேச்சு. ஆகவே ஒப்பீட்டுக் குழுவைச் சென்னையிலிருந்து எடுக்காதீர்கள். ஆட்டிசம் இல்லாத, அதே வயதுள்ள சிங்கப்பூர்ப் பிள்ளைகள் வேண்டும். யார் யார் எத்தனை மணி நேரம் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று ஒரு வாரக் கணக்கை இரு குழுவிடமும் வாங்குங்கள்.

கண்ணைப் பார்த்துப் பேசலைன்னா மார்க் குறைப்பீங்களா?

ஏடாஸ்-2-ல் பார்வை ஒரு தனி உருப்படி. உரையாடல் ஆய்வில் அதை நல்லது கெட்டது என்று எண்ணக் கூடாது. பார்வை எங்கே இருந்தது என்று குறித்தால் போதும். கண்ணைப் பார்த்தால் காதில் விழுவது புரியாமல் போகிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்கிறார்கள். பெரியவர்கள் கேட்கும்போது பார்வையைத் தாழ்த்துவது மரியாதை என்று பழக்கும் தமிழ் வீடுகளும் உண்டு.

ரெக்கார்ட் பண்ண ஹேண்ட்போன் போதுமா?

சொற்களை எழுத மட்டும் என்றால் போதும். இடைவெளியையும் குரல் ஏற்ற இறக்கத்தையும் அளப்பதென்றால் போதாது. ஒவ்வொருவருக்கும் சட்டையில் மாட்டும் மைக் ஒன்று, தனித்தனித் தடமாக, 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ் 'வேவ்' கோப்பாகப் பதியுங்கள். ஒரே மைக்கில் பதிந்தால் இருவரும் சேர்ந்து பேசும் இடங்களில் யார் எப்போது தொடங்கினார் என்று பிரிக்க முடியாது. கேமரா இரண்டு வையுங்கள், ஆளுக்கு ஒன்று. பிள்ளையின் முகத்தை மட்டும் எடுப்பது இந்தத் துறையின் பழைய பிழை. எதிரில் இருந்தவர் முகம் சுளித்தாரா, கைக்கடிகாரத்தைப் பார்த்தாரா என்று தெரியாமலே பிள்ளையின் மீது முடிவெழுத நேரிடும்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பதிந்தால் மின்விசிறிக் காற்று நேரே மைக்கில் அடிக்காதபடி உட்காருங்கள், டிவியை அணையுங்கள், எம்ஆர்டி ரயில் தடம் பக்கத்தில் என்றால் அந்தப் பக்க ஜன்னலைச் சாத்துங்கள். சட்டை மைக் உறுத்தினால் சில பிள்ளைகளுக்கு அதைத் தவிர வேறு நினைவே இராது. முந்தைய வாரமே வெறும் மைக்கை வீட்டில் கொடுத்துப் பழக்குங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் மேசை மைக்குக்கு மாறிவிடுங்கள். முதல் ஐந்து நிமிடத்தைப் பகுப்பாய்வில் சேர்க்காமல் விடுவது நல்லது.

ஒரு மணி நேரப் பதிவை எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

சொற்கள் மட்டும் என்றால் சுமார் 6 முதல் 8 மணி நேரம். ஜெஃபர்சன் முறையில் இடைவெளி, மூச்சு, இழுப்பு, ஒன்றன்மேல் ஒன்று விழும் பேச்சு எல்லாம் குறிப்பதென்றால் ஒரு நிமிடத்துக்கே ஒரு மணி நேரம் பிடிக்கலாம். ஆகவே முழுவதையும் சொல்லளவில் எழுதி, தேவையான பகுதிகளை மட்டும் நுணுக்கமாக எழுதுங்கள். நேரத்தோடு ஒட்டி எழுத ஈலான், குரலை அளக்கப் பிராட் என்ற மென்பொருள்கள் இலவசம். மேலே சொன்ன பாட்டி-பேரன் பேச்சை எழுதினால் இப்படி வரும்:

பாட்டி: சாப்ட்டியா கண்ணு?
(1.4)
பேரன்: பன்னெண்டு நாப்பதுக்கு சாப்ட்டேன்.
(0.3)
பாட்டி: அடேயப்பா. என்ன சாப்ட்ட?
பேரன்: சோறு. ரசம். முட்டை.

1.4 விநாடி காத்திருந்து, பதிலையும் எடுத்துக்கொண்டு அடுத்த கேள்வியைப் போட்டது பாட்டி. பேச்சு அறுந்துபோகவில்லை. வெறும் மதிப்பெண் தாளில் 'பொருத்தமற்ற பதில்: 1' என்பதோடு இது முடிந்திருக்கும். "சாப்ட்டேன்" என்பதை "சாப்பிட்டேன்" என்று திருத்தி எழுதும் பழக்கமும் வேண்டாம், கேட்டதை எழுதுங்கள். பதிவில் ஐந்தில் ஒரு பங்கை இரண்டாமவர் ஒருவர் முதலாமவரின் குறிப்பைப் பார்க்காமல் வகைப்படுத்த வேண்டும். இருவரின் ஒப்புமையைக் காட்டும் 'கப்பா' எண் 0.6-க்குக் கீழே என்றால் ஆளைக் குறை சொல்லாமல் வகைகளின் வரையறையைத் திருத்துங்கள். 'பொருத்தமான பதில்' போன்ற மங்கலான வகைகள்தான் பெரும்பாலும் காரணம்.

ஆட்டிசம் உள்ளவங்களுக்கு அடுத்தவங்க மனசு புரியாதுன்னு படிச்சேன். அப்போ உரையாடல் வராதுதானே?

நீங்கள் படித்தது 1985-ல் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃபிரித் செய்த சோதனையாக இருக்கும். சாலி என்ற பொம்மை கூடையில் வைத்த கோலிக்குண்டை, அவள் வெளியே போனபின் ஆன் என்ற இன்னொரு பொம்மை பெட்டிக்கு மாற்றுகிறாள். திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? மாற்றியதை அவள் பார்க்கவில்லை, எனவே சரியான விடை கூடை. ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். நால்வர் சரியாகச் சொன்னார்கள் என்பது மேற்கோளில் மறைந்துபோகிறது. கதையைக் கேட்டு விரல் நீட்டுவதும் ஓர் ஆளோடு பேசுவதும் ஒன்றல்ல என்பதும் மறந்துபோகிறது.

2012-ல் டேமியன் மில்டன், இவரும் ஆட்டிசம் உள்ளவர், கேள்வியைப் புரட்டிப் போட்டார். புரியாமை இரு பக்கமும் இருக்கிறது. ஆட்டிசம் இல்லாதவர்களுக்கும் ஆட்டிசம் உள்ளவர்களின் மனம் எளிதில் பிடிபடுவதில்லை என்றார். 2017-ல் நோவா சாசனும் மற்றவர்களும் செய்த ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. சில விநாடிக் காட்சியைப் பார்த்தவர்கள் ஆட்டிசம் உள்ளவர்களைக் குறைத்து மதிப்பிட்டார்கள். அவர்கள் பேசியதை எழுத்தில் மட்டும் படித்தபோது அந்த வேறுபாடு இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 2020-ல் கேத்தரின் கிராம்ப்டன் குழு ஒரு கதையைக் காதோடு காதாக எட்டுப் பேர் வழியே கடத்திப் பார்த்தது. எல்லாரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த சங்கிலியும், எவருமே அப்படி இல்லாத சங்கிலியும் ஒரே அளவு கதையைக் காப்பாற்றின. கலந்த சங்கிலியில்தான் அதிகம் தொலைந்தது. இது பெரிதும் பரவிய முடிவு. ஆனால் அதே குழு 300-க்கும் மேற்பட்டவர்களோடு மறுபடி செய்து 2025-ல் வெளியிட்டபோது மூன்று வகைச் சங்கிலிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆட்டிசம் உள்ளவர்களால் தகவலைச் சரியாகக் கடத்த முடியும் என்பது இரண்டிலும் நிற்கிறது. 'தங்களுக்குள்தான் நன்றாகப் பேசுவார்கள்' என்பது அந்த அளவுக்கு நிற்கவில்லை.

அப்போ சோஷல் ஸ்கில்ஸ் வகுப்புக்கு அனுப்ப வேண்டாமா?

எதை அளந்து 'முன்னேற்றம்' என்கிறார்கள் என்று கேளுங்கள். குழு வகுப்புகளைத் தொகுத்துப் பார்த்த 2017 ஆய்வு ஒன்றில், 'என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்' என்பது கூடியதாகப் பிள்ளைகளே சொன்னார்கள். 'அதைச் செய்கிறேன்' என்பது கூடவில்லை, ஆசிரியர்கள் கண்ணிலும் மாற்றம் படவில்லை. கண்ணைப் பார், கையை ஆட்டாதே என்று அடக்கப் பழக்கும் வகுப்பு களைப்பைத்தான் தரும். "எனக்குப் புரியல, திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்கவும், "கொஞ்சம் நேரம் வேணும்" என்று சொல்லவும் பழக்கும் வகுப்பு பயன்படும். கூடவே வீட்டில் இருப்பவர்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருக்கப் பழகலாம். முதல் நாளே செய்யக்கூடியது இது.

என் பிள்ளை பேசவே மாட்டான். அவனைச் சேர்க்க முடியுமா?

சேர்க்க வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினர் மிகக் குறைவாகவே பேசுகிறார்கள், ஆய்வுகளோ நன்றாகப் பேசுபவர்களையே சுற்றி வருகின்றன. பட அட்டை, சைகை, சென்னையில் உருவான, படத்தைத் தொட்டால் பேசும் 'அவாஸ்' போன்ற செயலி எதுவானாலும் அதுவே அவன் பேச்சு. செயலியில் ஒரு பதில் வர 10 விநாடிக்கு மேல் ஆகலாம் என்பதால் முன் சொன்ன 0.2 விநாடி அளவுகோலை இங்கே கொண்டுவரக் கூடாது.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உதவியாளர் பிள்ளையின் கையைப் பிடித்துத் தட்டச்சு செய்யவைக்கும் முறையை 1990-களின் தொடக்கத்திலேயே சோதித்துவிட்டார்கள். பிள்ளைக்கு ஒரு படமும் உதவியாளருக்கு வேறு படமும் காட்டினால், தட்டச்சில் வந்தது உதவியாளர் பார்த்த படத்தின் பெயர். அப்படி எழுதியதைப் பிள்ளையின் சொல்லாக எந்த ஆய்விலும் ஏற்கக் கூடாது.

எனக்கு ஆட்டிசம் இருக்கு, 34 வயசு. ஆய்வுப் பேட்டியில கேட்டவுடனே பதில் வராது, வீட்டுக்கு வந்தப்புறம்தான் வரும். நான் ஏதும் ஏற்பாடு கேட்கலாமா?

கேளுங்கள், தயங்காதீர்கள். கேள்விகளை முந்தின நாளே அனுப்பச் சொல்லலாம், ஸூமில் கேமராவை அணைத்துவிட்டுப் பேசலாம், வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதலாம், மறுநாள் சேர்த்து அனுப்பலாம். பேட்டி எடுப்பவர்களுக்கு: "வேலையிடத்துப் பேச்சு எப்படி இருக்கும்?" என்பது விடை சொல்ல முடியாத அளவுக்கு விரிந்த கேள்வி. "போன வாரம் மதிய உணவு நேரத்தில் யாராவது உங்களிடம் பேசினார்களா? என்ன சொன்னார்?" என்று கேளுங்கள்.

நான் கையெழுத்துப் போட்டுட்டேன், ஆனா பிள்ளை வேண்டாங்கறா. என்ன செய்வாங்க?

நிறுத்துவார்கள்; நிறுத்த வேண்டும். 21 வயதுக்குக் கீழே என்றால் பொதுவாகப் பெற்றோரின் ஒப்புதல் தேவை, பிள்ளையின் இசைவும் தேவை. காதைப் பொத்திக்கொள்வதும், மைக்கைக் கழற்றி எறிவதும், கதவுப் பக்கம் போய் நிற்பதும் 'வேண்டாம்' என்பதுதான். 21 நிரம்பியவருக்கு அம்மா அப்பாவின் கையெழுத்து மட்டும் போதாது. சிங்கப்பூரின் 2008 மனத்திறன் சட்டப்படி, தானே முடிவெடுக்கும் திறன் இல்லை என்று நிறுவப்படும்வரை அவருக்குத் திறன் உண்டு என்றே கொள்ள வேண்டும். எளிய சொல்லில், படத்தோடு விளக்கிக் கேட்பது ஆய்வாளரின் கடமை.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை: நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண், வீடியோவை யார் யார் பார்ப்பார்கள், எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், விலகினால் அழித்துவிடுவார்களா. மாநாட்டிலோ வகுப்பிலோ போட்டுக் காட்டத் தனிக் கட்டம் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் சம்மதிக்கலாம். பெயரை மறைத்தாலும் முகமும் குரலும் ஆளைக் காட்டிவிடும். நம் சமூகம் சின்னது, ஒரு பாட்டியின் குரலை வைத்தே இன்னார் வீடு என்று சொல்லிவிடுவார்கள்.

முடிஞ்சதும் எங்களுக்கு என்ன சொல்வாங்க?

கேட்டால்தான் பல குழுக்கள் சொல்கின்றன. அதனால் முதல் நாளே, ஒரு பக்கத்தில், தமிழில், முடிவுகளை அனுப்புவீர்களா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் எடுத்த பதிவின் ஒரு பிரதியையும் கேளுங்கள், பலர் தருவார்கள்.